பதினாலு ஜெயம்

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து டீமின் கோச்சை மாற்றுகிறார்கள் என்று டிவியில் ஓடினால் போதும், திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்து அண்ணாச்சி பில் புக்கைக் கவிழ்த்து வைத்து, சீசனில் எத்தனை ஜெயம் என்று கணக்குப் போடப் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார். பேனா காதிடுக்கில்தான் இருக்கும். தேடுவது, நாம் கவனிக்க வேண்டும் என்பதற்காக.

2024 சீசனுக்கு ஸ்வீடன்காரர் மிக்கேல் ஸ்டாரே வந்தார். “இருபத்து நாலு மேட்ச். ஆசான் இவான் போயாச்சு, ரெண்டைக் கழி. டயமண்டகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிட்டான், மூணைக் கழி. லூனா இருக்கான், நாலைக் கூட்டு. பதினாலு ஜெயம். எழுதி வச்சுக்கிடும் தம்பி.”

எதிலிருந்து கழித்தீர்கள் என்று கேட்டேன்.

“யாவாரி கொள்முதல் விலையைச் சொல்லுவானா?”

12 ஆட்டத்தில் 3 ஜெயம். டிசம்பரில் ஸ்டாரேயைப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு மனுஷன் தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தால், முகமெல்லாம் பல்லாக வருகிறார். “நான் சொன்னது ஸ்டாரே கடைசி வரைக்கும் இருந்தால்லா? நடுவுல ஆளை மாத்துனா பழைய கணக்கு செல்லாது.” இடைக்கால கோச்சாகப் புருஷோத்தமன் பொறுப்பேற்றதும் புதுத் தாள்: மீதி 12-இல் எட்டு ஜெயம். கிடைத்தது ஐந்து. முன்னே வந்த மூன்றையும் சேர்த்து சீசன் மொத்தம் எட்டு. “பாத்தீரா, எட்டுன்னேன்லா!”

ஸ்டாரேக்கு முந்தைய கோச், ரசிகர்கள் ‘ஆசான்’ என்கிற இவான் வுகமனோவிச் மூன்று சீசன் அசையாமல் நின்றார். ரசிகர் கூட்டமான மஞ்சப்படைக்கு அது கொண்டாட்டம், அண்ணாச்சிக்குத் தொழில் மந்தம். 2023 மார்ச்சில் பெங்களூரில் எதிரணியின் சேத்ரி அடித்த ஃப்ரீகிக் கோலை ஏற்காமல் ஆசான் டீமையே வெளியே கூட்டிப்போய்ப் பத்து ஆட்டத் தடை வாங்கினார். ஊரே கொதித்தது. அண்ணாச்சி பேனா தேடினார்.

அவரையும் ஒன்றும் சொல்வதற்கில்லை. 2022 இறுதியாட்டத்தில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்ற மறுநாள் வாயே திறக்கவில்லை. கடைக்கு வந்த மஞ்சள் சட்டைப் பையன்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தார், காசு அவருடையது.

ஆனால் ஆட்டத்தை நேரில் பார்த்த ஆள் இல்லை. உள்ளூர் டீம் கொம்பன்ஸ் ஆடுகிற சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் ஆட்டோவில் பத்து நிமிஷம். கூப்பிட்டால், “நேர்ல பாத்தா கணக்கு கெட்டுப்போவும்” என்பார். நாம் டிவியில் பார்ப்பதற்கும் விடமாட்டார். பெனால்டி அடிக்க ஆள் ஓடிவருகிற நொடி பார்த்துப் போன் அடிக்கும். எடுக்காவிட்டால் மறுபடி, மறுபடி. எடுத்தால், இது கோலானால் வருஷக் கடைசியில் எத்தனை என்று 2014 டேவிட் ஜேம்ஸ் காலத்திலிருந்து ஆரம்பிப்பார். கோல் விழுந்ததா இல்லையா என்பதை நான் மறுநாள் ‘மாத்ருபூமி’யில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.