இன்னும் ஒரு அரைச் சுற்று

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் வண்டியின் ஆயில் போல்ட்டில் மரை போனது. இன்று வியாழன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாசலில் சாக்கு விரித்து வண்டியைப் பிரிக்கிறவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். ஸ்பேனர் இறுகி இறுகி வரும். மணிக்கட்டுக்கு ஒரு கர்வம் ஏறும். திடீரென்று அல்வாவில் கரண்டி போன மாதிரி ஒரு வழவழப்பு. உள்ளங்கையிலிருந்து அடிவயிற்றுக்குத் தந்தி போகும். போல்ட் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

வீட்டிலேயே ஆயில் மாற்றுவதில் மூன்று நன்மைகள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலாவது, காசு மிச்சம். (போல்ட்டுக்கு ஆன செலவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.) இரண்டாவதற்குப் போகுமுன், என்னை அந்த அரைச் சுற்று சுற்ற வைத்தவரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

நான் குடியிருப்பது திருவொற்றியூர். வண்டி, பழைய என்ஃபீல்டு தண்டர்பேர்டு. கைப்பிடி உயரம், சீட் பள்ளம். ஈஸிசேருக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். கடற்கரை உப்புக் காற்றில் அதன் குரோமியத்தைத் துடைத்துவிட்டுத் துணியை உதறித் திரும்பினால், அம்மை போட்ட முகம் மாதிரி துருப்புள்ளி. எனவே வாராவாரம் அதன் பக்கத்தில் உட்கார ஒரு காரணம் இருக்கும். ஆனால் இந்த ஊரில் இந்த வண்டியைத் தெருவில் பிரிப்பது, சமையற்காரர்கள் மட்டுமே குடியிருக்கும் தெருவில் உட்கார்ந்து சாம்பார் வைப்பது போன்றது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, தொழிற்சாலையை இங்கேதான் போட்டார்கள். அன்று முதல் திருவொற்றியூரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ‘கம்பெனியில் இருந்த’ சித்தப்பா ஒருவர் உண்டு.

ஒவ்வொருவருக்கும். பேப்பர் போடுகிற பையனுக்கு உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு உண்டு. போன வருஷம் மாயவரத்திலிருந்து குடிவந்த கீழ்வீட்டுக்காரருக்குக்கூட எப்படியோ ஒருவர் கிடைத்துவிட்டார். இந்தச் சித்தப்பாக்களை வரிசையில் நிறுத்தினால் முதல் ஆள் ராயபுரம் ரயில் நிலையத்தில் நிற்பார், கடைசி ஆள் எண்ணூர் முகத்துவாரத்தில் கால் நனைப்பார்.

டீக்கடைக்காரரின் சித்தப்பா பெட்ரோல் டேங்கில் தங்கக் கோடு போட்டவர். அந்தக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையால்தான் போட்டார்கள், அது நிஜம். ஆனால் அதே கோட்டைப் போட்ட சித்தப்பாக்கள் எனக்குத் தெரிந்தே ஆறு பேர். இஸ்திரி வண்டிக்காரரின் சித்தப்பா வண்டியை ஓட்டிப் பார்த்து அனுப்பியவர். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆகவே வேறு எந்த வண்டி கொடுத்தாலும் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவாராம். சாகும்வரை பஸ்ஸில்தான் போனாராம். இன்னொருவரின் சித்தப்பா ‘ரெட்டிச்’ போய்ப் பயிற்சி எடுத்தவர். ரெட்டிச் எங்கே என்று கேட்டேன். “நெல்லூராண்ட” என்றார். 1977-ல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானபோது மரப்பெட்டிக்கு ஆணி அடித்த சித்தப்பா இருக்கிறார். டீசல் புல்லட்டுக்கு யோசனை சொன்ன சித்தப்பா இருக்கிறார்; மைலேஜைப் பற்றிப் பெருமையாகவும் புகையைப் பற்றிப் பேசாமலும் இருந்தார் என்று கேள்வி.

எனக்குப் புரியாதது இதுதான். பக்கத்திலேயே எண்ணூரில் லேலண்டு இருக்கிறது. 1946-ல் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்துப் பிறகு டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். இந்த ஊர்தான். தீப்பெட்டிக் கம்பெனி விம்கோவின் பெயரில் மெட்ரோ ஸ்டேஷனே ஓடுகிறது. அங்கெல்லாம் யார்தான் வேலை பார்த்தார்கள்? நான் தீக்குச்சி கிழிக்கும்போது, “எங்க சித்தப்பா விம்கோல இருந்தாரு, குச்சிய இப்டிப் புடிக்கக் கூடாது” என்று எவனாவது வந்திருக்கிறானா? பலூன் ஊதும்போது வந்திருக்கிறானா? ஸ்பேனரைத் தொட்டால் மட்டும் வந்துவிடுகிறார்கள்.

சித்தப்பா இல்லாத ஒரே ஆள், காசிமேட்டில் போட் இன்ஜின் பார்க்கிற மெக்கானிக். ஒருநாள் நின்று பார்த்தார். “இதெல்லாம் ஒரு இன்ஜினா சார்?” என்றார். போய்விட்டார். இன்றுவரை நான் மதிக்கும் மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். தோளில் துண்டு. பழைய ஆயில், பில்டர் காபி டிகாக்‌ஷன் கணக்காகப் பேசினில் இறங்கி முடிந்திருந்தது. போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, விரலால் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கியும் விட்டேன். போதும் என்று கை சொன்னது.

“தம்பி, டைட்டு பத்தாது. இன்னும் ஒரு அரைச் சுத்து வையி.”

“போதுங்க ஐயா.”

“எங்க சித்தப்பா கம்பெனில இருந்தவரு.”

இரும்பு போல்ட், அலுமினிய இன்ஜின். இரண்டும் மல்லுக்கு நின்றால் தோற்பது அலுமினியம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். எழுபது வயதுக்காரரின் சித்தப்பா என்றால் எப்பேர்ப்பட்ட சித்தப்பாவாக இருந்திருப்பார்!

“அடடா, மரை போச்சே” என்றார் பெரியவர். வடிவுடையம்மன் கோயிலுக்கு நேரமாகிவிட்டதாம், கிளம்பிவிட்டார்.

பட்டினத்தார் சமாதி இதே ஊர்தான். அவருக்குக் காதறுந்த ஊசி ஒன்று கிடைத்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார். எனக்கு மரை கழன்ற போல்ட் கிடைத்தது. எதையும் விட முடியவில்லை. சொட்டு ஆயில் இல்லாத, இரண்டு குவிண்டாலுக்குச் சற்றே குறைந்த வண்டியை டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் நான்கு பேர் நிறுத்தி விசாரித்தார்கள். நான்கு பேருக்கும் சித்தப்பா இருந்தார். தள்ளுவதற்குத்தான் யாரும் இல்லை.

லேத் பட்டறைக்காரர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். அடுத்த சைஸுக்கு டேப் போட வேண்டும் என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்.

“யார் சார் இவ்ளோ டைட்டு வெச்சது?”

“மெக்கானிக்” என்றேன்.

“மரை கழண்ட கேஸா இருப்பான் போல. இனிமே அவன்கிட்ட வண்டிய வுடாதீங்க.”

விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நான்கு நாளாகக் காப்பாற்றி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.