நலன் விரும்பிகள்

அப்பா போட்ட மனுவோ அம்மா போட்ட மனுவோ, எதைப் புரட்டினாலும் 'குழந்தையின் நலன்' தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கும். குடும்ப நல நீதிமன்றப் படியேறுகிறவர்களில் பிள்ளையின் நலனை விரும்பாதவர் ஒருவர்கூடக் கிடையாது. பிள்ளை சீரழிவதும் அதனால்தான்.

அப்பா பார்க்க வேண்டிய சனிக்கிழமை வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் சித்தி வீட்டு வளைகாப்பில் அதே பிள்ளை பந்திக்குப் பந்தி ஓடுகிறது. நீதிமன்ற உத்தரவைப் படித்துவிட்டு வரும் இந்தக் கிருமிக்கு மருத்துவச் சான்றிதழ் வேறு. அப்பா மட்டும் லேசுப்பட்டவரா? ஜீவனாம்சம் பாக்கி, ஸ்கூல் ஃபீஸ் பாக்கி. கையில் மட்டும் ரிமோட் கார். பிள்ளை எத்தனாவது படிக்கிறது என்று கேட்டால் வக்கீல் முகத்தைப் பார்க்கிறார்.

சமரசப் பேச்சு வெளியே போகக் கூடாது என்கிறது 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம். போனால் போகட்டும், வாசலில் பாட்டி செல்போனில் வீடியோ எடுக்கத் தயாராக நிற்கிறார். அப்பாவைப் பார்த்துப் பிள்ளை சிரித்துத் தொலைத்தால் வீட்டில் விசாரணை. அழுதால் அதுவே சாட்சியம்.

விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கருதிப் பார்க்கலாம் என்று 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதிவைத்த அந்த நியாயத்தை நாம் வசன ஒத்திகையாக்கிவிட்டோம். "அப்பாகிட்ட போறியா கண்ணா?" என்று கேட்கும் கவுன்சலரிடம் ஏழு வயது சொல்கிறது: "அவர் எனக்கு மன உளைச்சல் குடுக்கறாரு மேடம்." இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் மன உளைச்சல் எத்தனையாவது பக்கம்?

பெற்றவர்களில் ஒருவர் பிள்ளையின் மனத்தை இன்னொருவருக்கு எதிராகத் திருப்பும் கேட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு தீர்ப்பில் எழுதியது. திருந்தவா செய்தோம்? 'நீதான் திருப்பினாய்' என்று மாற்றி மாற்றி மனு போட்டோம்.

வருஷக்கணக்கில் ஊட்டிய விஷத்தைக் கவுன்சலர் ஒரே அமர்வில் இறக்கிவிட வேண்டும். அடுத்த ஜோடி வெளியே காத்திருக்கிறது. இறங்காவிட்டால், "கவுன்சலிங்கெல்லாம் சுத்த வேஸ்ட் சார்."

ஒத்துவராதவர்கள் பிரிவதில் பாவமில்லை. வஞ்சம் தீர்க்க நகை இருக்கிறது, வீடு இருக்கிறது, கல்யாணச் செலவுக் கணக்கு இருக்கிறது, ஆயுசுக்கும் அடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பதினெட்டு வயதானால் உங்கள் கஸ்டடி வழக்கு தானாகச் செத்துவிடும். அன்றைக்கு அந்தப் பிள்ளை தன் நலனைத் தானே விரும்பி, இரண்டு பேர் வாசலையும் மிதிக்காமல் போகும். அந்தத் தீர்ப்புக்கு எந்தக் கோர்ட்டிலும் அப்பீல் இல்லை.