அந்த அறுபத்தோராவது பிள்ளை

2024-இல் பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது 38 மாவட்டங்களில் வேலூர் கடைசி, 82.07 சதவீதம். அடுத்த வருடம் 85.44-க்கு ஏறினோம். மற்றவர்களும் ஏறியதால் கடைசி இடம் கைவிட்டுப் போகவில்லை. எனக்கு வீடு வேலூரில். வேலை ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுவது. 2019 நவம்பரில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. ரிசல்ட் வரும் வாரத்தில் யாராவது எந்த மாவட்டம் என்று கேட்டால் வேலை பார்க்கும் ஊரைச் சொல்லிவிடுவேன்.

அரசுப் பள்ளி சீரழிந்ததற்கு யார் காரணம் என்று டீக்கடையில் நடக்கும் விசாரணைக்கு நான்தான் நிரந்தர நீதிபதி. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னபோது பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், “உங்க பொண்ணு எங்க சார் படிக்குது?” என்றார். “நான் பிரைவேட் கம்பெனி ஆளுப்பா” என்றேன். சட்டப்படி சரியான பதில்.

தனியார் பள்ளியில் சேர்ப்பது என் மகளோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். விண்ணப்பம் ஆன்லைனில். எங்கள் கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வருவார்கள். பிறப்புச் சான்றிதழ், வருமானம் இரண்டு லட்சத்துக்குள் என்பதற்குச் சான்றிதழ், ஆதார் என்று எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுப்பேன். குலுக்கலில் பெயர் விழுந்தால் என் கை ராசியான கை என்பார்கள். நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஓர் அம்மா மட்டும், “எங்க தெருவுலயே கவர்மென்ட் ஸ்கூல் கீதுண்ணா. அங்க போட்டா ஆவாதா?” என்று கேட்டார். “இங்கிலீஷ் வராதும்மா” என்றேன். அந்தப் பள்ளி வாசலை நான் மிதித்ததே இல்லை. 2012-13-லிருந்தே அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழி வகுப்புகள் ஆரம்பித்துவிட்டன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கணக்கு எழுதுகிறவன் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்த்திருக்கலாம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தோராவது பிள்ளை வந்தால்தான் மூன்றாமவர். ஆகஸ்ட் 1-இல் தலை எண்ணும்போது ஒரு தலை குறைந்தால் அவர் ‘உபரி’. வேறு ஊருக்குப் போகவேண்டியதுதான். ஐந்து வகுப்புக்கு மிச்சம் இரண்டு பேர். அதில் ஒருவர் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளைகள் விவரம் பதிவேற்ற உட்கார்ந்தால், ஒருவர். இதைப் பார்க்கிற மற்ற பெற்றோரும் டி.சி. கேட்கிறார்கள். வாத்தியாரே இல்லாமல் பள்ளி நடத்துகிறார்கள் என்று டீக்கடையில் மேஜையைத் தட்டியவன் நான். அறுபத்தோராவது பிள்ளையை அனுப்பிவைத்தவனும் நானாக இருக்கலாம்.

அந்த அம்மாவின் மகனுக்குக் குலுக்கலில் இடம் விழுந்தது. கட்டணம்தான் அரசுடையது, வேன், யூனிஃபார்ம் எல்லாம் அவருடையது. ஜூனில் சம்பள அட்வான்ஸ் கேட்டு என்னிடமே வந்தார். பழைய அட்வான்ஸ் பாக்கி இருக்கிறது, கம்பெனி ரூல்ஸ் இடம்கொடுக்காது என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு, “சரிண்ணா, வெளியில வாங்கிக்கிறேன். சின்னதுக்கும் நீங்கதான் போட்டுத் தரணும்” என்றார். போட்டுத் தருகிறேன் என்றேன்.