பாக்கி சார்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் அடுக்ககங்களில் எந்த கேட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு பாக்கி சார் இருப்பார். சங்கத்தின் பதிவேட்டில் அவர் பொருளாளர். பேங்க்கிலோ ரயில்வேயிலோ மறைமலை நகர்த் தொழிற்சாலையிலோ காலமெல்லாம் கணக்கு எழுதிவிட்டு, பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கலாம் என்று வந்தவர். பொதுக்குழுவில் “பொருளாளரா யார் இருக்கீங்க?” என்ற கேள்வி எழுந்ததும் அத்தனை பேரும் செல்போனைப் பார்த்துக் குனிந்தார்கள். அவர் அன்றைக்கென்று மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அவர் கையில் ஆயுதம் ஏதுமில்லை என்று சொல்லமுடியாது. சங்கம் 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. 1994ஆம் வருஷத்து அடுக்ககச் சட்டம் போய், 2022ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் 2024இல் அமலுக்கும் வந்துவிட்டது. பொதுச் செலவில் வீட்டுக்காரர் தன் பங்கைக் கட்டவேண்டும் என்பதில் எந்தச் சட்டத்துக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் சி பிளாக் இரண்டாவது மாடிக்காரருக்குத்தான். கோர்ட்டுக்குப் போகலாமென்றால், வக்கீல் ஃபீஸைக் கேட்டதும் பாக்கியே தேவலை என்று தோன்றுகிறது. தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் யாராவது மீசையை முறுக்கினால், “கைக்குழந்தை இருக்கிற வீடு சார்” என்று முதலில் தடுப்பவரும் பாக்கி சார்தான்.

ஒரு விஷயத்தை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். பணமில்லாதவர் எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுகிறார். கொள்கை உள்ளவர்தான் கட்டுவதில்லை. கிரவுண்ட் ஃப்ளோர்காரர் லிஃப்டில் ஏறுவதில்லை, அதனால் லிஃப்டுக்குக் கட்டமாட்டார். மேல்மாடிக்காரர், மொட்டைமாடி ஒழுகலை அடைத்தால்தான் கட்டுவார்; அவர் கட்டினால்தான் அடைக்கமுடியும். மஹிந்திரா சிட்டிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்ட ஓனர், “டெனன்ட்டைக் கேளுங்க” என்பார். டெனன்ட், “ரென்ட்லயே சேத்து வாங்கிட்டார் அங்கிள்” என்பான். முதலீடாக வாங்கிப் பூட்டிப்போட்டவர் துபாயிலிருந்து, “ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கு மெயின்டெனன்ஸ்?” என்று கேட்பார். விற்காத வீடுகளை வைத்திருக்கும் பில்டர் போனையே எடுப்பதில்லை.

சி பிளாக் படித்த மனிதர். “18 பர்சென்ட் ஜிஎஸ்டி போட்டு முறையா பில் குடுங்க, கட்டறேன்” என்றார் ஒருமுறை. பாக்கி சார் அசரவில்லை.

“ஒரு வீட்டுக்கு மாசம் 7,500 ரூபாயைத் தாண்டினாத்தான் சார் ஜிஎஸ்டி. தாண்டற தொகைக்கு மட்டும்தான் வரின்னு 2021லயே ஹைகோர்ட் சொல்லியாச்சு. உங்களுது 2,700.”

“அப்போ பில் தேவையில்லைங்கறீங்க?”

“பணம் தேவை சார்.”

ஊர்ப் பெருமாளான பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றிக்கண் உண்டு. தீபாராதனையின்போது அர்ச்சகர் நாமத்தை விலக்கிக் காட்டுவார். பாக்கி சாரின் மூன்றாவது கண்ணுக்கு விலக்க நாமமும் கிடையாது. காலிங் பெல்லைத் தொடுமுன்பே வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு என்று எண்ணிவிடுவார். பால்கனியில் ஏசி தண்ணீர் சொட்டுகிறதா என்று கீழேயே பார்த்துவிட்டுத்தான் படியேறுவார். போகிற வழியில் மீட்டர் பெட்டியை ஒரு நோட்டம். சிவப்புப் புள்ளி படபடவென்று சிமிட்டினால் உள்ளே ஏசி ஓடுகிறது, ஏசி ஓடினால் ஆள் இருக்கிறார். பெல் அடித்ததும் டிவி சத்தம் நின்றுபோனால் சாட்சி பூர்த்தி. கதவு திறந்து, “அடடே, வாங்க சார், காபி சாப்பிடறீங்களா?” என்றால், “இப்பத்தான் ஆச்சு” என்று மறுத்துவிடுவார். காபி உள்ளே போனால் பாக்கி வெளியே வராது என்பது அனுபவம்.

வீட்டில் சிக்காதவர்கள் கோயிலில் சிக்குவார்கள். குடைவரைக் கோயில் என்பதால் பெருமாளை வலம்வர மலையையே சுற்றவேண்டும். முன்னால் போவது சி பிளாக் என்று தெரிந்தால் இவர் நடையைக் கூட்டுவார், அவரும் கூட்டுவார். திரும்பி ஓடலாமென்றால் அப்பிரதட்சிணமாகிவிடும், பாக்கியோடு பாவமும் சேரும். ஒரு சனிக்கிழமை மலைக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்றவர் சொன்னார்:

“சந்நிதியில கணக்கு வழக்கெல்லாம் பேசக்கூடாது சார்.”

“சந்நிதி அந்தப் பக்கம் இருக்கு. நாம பின்னாடி இருக்கோம், தாராளமா பேசலாம்.”

மாதம் பிறந்தால் செக்யூரிட்டிக்குச் சம்பளம், லிஃப்டுக்கு ஏஎம்சி, ஜெனரேட்டருக்கு டீசல். இரண்டு மாதத்துக்கொருமுறை பொது மீட்டருக்கு இபி பில். கோடையில் லாரித் தண்ணீர். இவற்றில் எதற்கும் கொள்கை கிடையாது. கேட்ட தேதியில் கொடுக்கவேண்டும். விடியற்காலையில் மோட்டார் புகைந்துபோனால், “அசோசியேஷன் என்னதான் பண்ணுது?” என்று வாட்ஸ்அப்பில் முதல் குரல் கொடுப்பவர் சி பிளாக். அதற்குள் பாக்கி சார் சொந்தப் பென்ஷனிலிருந்து லாரிக்காரருக்கு ஜிபே செய்திருப்பார். வருஷக் கடைசியில் கணக்கை முடித்துப் பார்த்தால், சங்கத்துக்கு வரவேண்டிய பாக்கியில் முதல் பெயர் சி பிளாக். சங்கம் தரவேண்டிய பாக்கியில் ஒரே பெயர் பாக்கி சாருடையது.

அவருக்கும் ஒருநாள் வரும். சி பிளாக் வீட்டை விற்கும் நாள். வாங்குகிறவரின் பேங்க், சங்கத்திடமிருந்து ‘நோ டியூஸ்’ கடிதம் கேட்கும். மலையைச் சுற்றி ஓடிய அதே மனிதர் மைசூர்பாகு டப்பாவோடு தாமே படியேறி வந்து, “எவ்வளவு சார் ஆகுது?” என்பார். பாக்கி சார் பேரேட்டை அவர் பக்கமாகத் திருப்பிவைத்து, மாதம் மாதமாக வாய்விட்டுப் படிப்பார். வட்டியில் கொஞ்சம் பார்த்துப் போடச் சொன்னால், அது பொதுக்குழுவின் அதிகாரம் என்று கைகூப்புவார். முழுத்தொகையும் வந்துசேர்ந்த மெசேஜை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அன்று மட்டும் அவரே காபி கொடுப்பார்.

அடுத்த வாரம் வாங்கியவர் அறிமுகப்படுத்திக்கொள்ள வருவார். நல்ல மனிதர், பணிவான பேச்சு. “கிரகப்பிரவேசம் தை மாசம்தான் சார் வச்சிருக்கோம். குடிவந்தப்புறம்தானே மெயின்டெனன்ஸ்?” என்பார். பாக்கி சார் பதில் சொல்லமாட்டார். பேரேட்டில் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுவார். சிவப்பு மைப் பேனாவைத் தேடவேண்டியதில்லை. அது எப்போதும் சி பிளாக் பக்கத்தில்தான் இருக்கும்.