இரவல் கயிறு: கோல சிலாங்கூர் வட்டாரச் சிறு படகுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சிறு படகின் கயிற்றுக்கு எதிரி யார் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள்: வெயில், உப்பு, உராய்வு, முடிச்சு. இப்பட்டியலில் முதலிடம் பெற வேண்டிய காரணி ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அக்காரணி மோட்டார் சைக்கிளில் வரும்; எஞ்சினை அணைக்காமலேயே, "மாமா, பழைய கயிறு ஏதும் இருக்கா? ஒரு அவசரம். நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன்" என்று கேட்கும். ஆய்வு வசதிக்காக அதனை இனி 'இரவலர்' என்று குறிப்போம். பழைய இரவலர்கள் யாழோடு வந்து பாடிவிட்டுக் கேட்டார்கள் என்ற வேறுபாட்டையும் இங்கேயே பதிவு செய்துவிடலாம். ஆய்வுக் களம், சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் பாசிர் பெனாம்பாங் தொடங்கி, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டங்கள் வரை.

மரபான எதிரிகளை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. மலிவாகக் கிடைக்கும் நீலநிற பாலிப்ரொப்பிலீன் கயிறு தண்ணீரை விட லேசானது, மிதக்கும். ஆனால் அதற்கு வெயில் ஆகாது. படகு முனையில் நெடுநாள் கிடந்தால் நிறம் வெளுத்து, தொட்டால் தூளாக உதிர்ந்து, பிடித்தவரின் உள்ளங்கையில் கண்ணுக்குத் தெரியாத சிலாம்புகளை ஏற்றிவிடும். நைலான் அதைவிட நன்றாக வெயில் தாங்கும்; இழுவைக்கு நீண்டு கொடுப்பதால் படகைக் கட்டிப்போட ஏற்றது; நனைந்தால் மட்டும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கும். தென்னை நார்க் கயிறு உப்புநீரில் எளிதில் மட்காது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளுக்குப் பலகைகளை ஆணியில்லாமல் தைத்தது இந்த நாரால்தான். ஆற்று முகத்தில் தண்ணீர் நாளுக்கு இருமுறை ஏறி வற்றுகிறது. கட்டிய படகும் கூடவே ஏறி இறங்க, கயிறு தூணின் ஒரே இடத்தில் தேய்ந்துகொண்டே இருக்கும். சேறு புரிகளுக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். முடிச்சு ஒன்று கயிற்றின் வலிமையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். இவை அனைத்துக்கும் மருந்து உண்டு. தேயும் இடத்தில் பழைய ரப்பர் குழாய்த் துண்டை மாட்டலாம்; நல்ல தண்ணீரில் அலசலாம்; நுனியை லைட்டரால் உருக்கி அடைக்கலாம்; பாய்மரப் படகென்றால், பாயை ஏற்றும் ஆஞ்சானையும் பாயின் மூலையைப் பிடிக்கும் தாமானையும் அவ்வப்போது தலைமாற்றிக் கட்டி, தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆற்றில் பாய் அருகி எஞ்சின் பெருகிவிட்டது உண்மைதான். எஞ்சின் படகையும் கரையில் கட்டித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் இந்த மருந்திலேயே இருக்கிறது. அலசி, நிழலில் உலர்த்தி, வளையம் வளையமாகச் சுருட்டி ஆணியில் மாட்டிய கயிற்றைப் போல் இரவலரை அழைப்பது வேறொன்றும் இல்லை. உப்பேறி விறைத்து, சிப்பி ஒட்டி, மீன் நாற்றம் வீசும் கயிற்றை எவரும் கேட்பதில்லை. ஆக, பராமரிப்பு கூடக் கூடக் கயிற்றின் இயற்கை ஆயுள் கூடுகிறது. உரிமையாளரிடம் அது தங்கும் காலமோ குறைகிறது. இயற்கை எதிரிகள் சீரழிந்த கயிற்றை மேலும் சீரழிப்பவை. இரவலர் ஒருவரே நல்ல கயிறாகப் பார்த்து எடுப்பவர். இவ்வட்டாரத்தில் நல்ல கயிறு சாகும் இடம் கடல் அல்ல, லயத்து வீட்டு வாசல்.

தோட்டத்துத் தேவையையும் விளங்கிக்கொள்ள வேண்டும். மலேசியாவில் செம்பனை வணிக முறையில் முதன்முதலாகப் பயிரானது 1917-இல், பழைய பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயாவை) ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில். பிறகு பால்மரம் நின்ற காடுகளெல்லாம் மெல்ல மெல்லச் செம்பனைக்கு மாறின. மரம் மாறியதே ஒழிய, அதன் அடியில் மேயும் மாடு மாறவில்லை. மாட்டுக்குக் கயிறும், மழையில் நனைந்த துணிக்குக் கொடியும் அன்றுபோல் இன்றும் வேண்டும். தை பிறந்தால் நிலைமை முற்றுகிறது. பழைய கயிற்றோடு மாட்டுப் பொங்கல் கொண்டாடும் வழக்கம் நம்மிடம் இல்லை. உறியடிக்கும் பந்தலுக்கும் வேறு கயிறு தேவைப்படுகிறது. ஜனவரியில் ஜெட்டியில் எந்தக் கயிறும் பாதுகாப்பானதல்ல என்பது இவ்வாய்வின் துணைமுடிவு.

இதற்கு எழும் மறுப்புகளைப் பார்ப்போம். 'இல்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று' என்பர் சிலர். கேட்பவர் மச்சானாகவோ மருமகனாகவோ இருக்கிறார். கயிறு அவர் கண்ணெதிரே தொங்குகிறது. இவ்வளவும் தெரிந்தே இப்படிச் சொல்பவர் நம் சமூகத்தைப் பற்றி எதுவும் அறியாதவர். 'பூட்டி வைக்கலாமே' என்றால், படகைக் கட்டியிருக்கும் கயிற்றைப் பூட்டி வைத்துவிட்டு வற்றத்தில் படகை மலாக்கா நீரிணைக்கு வழியனுப்ப வேண்டியதுதான். சங்கிலி போடலாம், அதற்குப் பழைய இரும்புக்காரர் என்ற வேறொரு காரணி உண்டு. புக்கிட் மெலாவாத்தி குரங்குகள் மீது பழிபோடுவோரும் உளர். அவை சுற்றுலாக்காரர்கள் நீட்டும் பயித்தங்காயோடு நிறைவடைபவை, துணி காயப்போடுவதில்லை.

சற்றுக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: இரவல் போன கயிறு அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. பருப்பொருள் அழியாது என்ற அளவில் இது சரி. ஆனால் திரும்பி வரும் கயிறு போன கயிறல்ல. வாங்குப் பாராங் கத்தியால் வெட்டிய நுனி உருக்கப்படாமல் மூன்று புரியும் துடைப்பமாக விரிந்திருக்கும். நடுவில் யாராலும் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சு இறுகிக் கிடக்கும். நீளம் குறைந்திருக்கும், குறைந்ததைப் பற்றி இருவரும் பேசமாட்டார்கள். ஒப்பீட்டுக்கு, இரவலரே இல்லாத ஒரு சூழலைக் கருதலாம். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதன் கயிறுகள் புயலைச் சந்தித்திருக்கும், உப்பைச் சந்தித்திருக்கும். நடுக்கடலில் எவரும் எஞ்சினை அணைக்காமல் வந்து மாட்டுக்கு ஒரு கயிறு கேட்டிருக்க முடியாது. கப்பல் கரை சேர்ந்ததில் இதன் பங்கை வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஆராயவில்லை.

ஆகவே பராமரிப்பு மறைமுகமாக நடக்க வேண்டும். கயிற்றின் வலிமை கெடாமல் தோற்றத்தை மட்டும் கெடுப்பதே உகந்த முறை: அலசுவதை இரவில் செய்யலாம், தேய்மானத்துக்கு மாட்டும் குழாய் மிகப் பழையதாக இருக்கலாம், மேற்சுற்றில் மட்டும் ஒரு பிடி சேறு பூசலாம். சாயம் போன நீலக் கயிறு ஒன்றை முன்னால் தொங்கவிட்டு, நல்ல நைலானை வலைக்கு அடியில் போட்டு வைப்பதும் பயன் தரும். கேட்டவுடன் நீலத்தைக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கலாம். இம்முறையைப் படகுக்காரர்கள் முன்பே அறிந்திருப்பதற்கான அறிகுறிகள் ஜெட்டியில் தாராளமாகத் தென்படுகின்றன. அந்தப் படகுக்காரர்களின் வீட்டுக் கொடியில் தொங்கும் கயிறு யாருடைய படகினது என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.