சைக்கிளும் பேருந்தும் சேரும் முறை

வீட்டிலிருந்து நிறுத்தம்வரை சைக்கிள், அங்கிருந்து அலுவலகம்வரை பேருந்து: இதுவே இணைப்புப் பயணம். பெட்ரோல் மிச்சம், உடற்பயிற்சி இலவசம். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கை வகுத்துவிட்டதால், சாலையில் சைக்கிளுக்கு இடமுண்டா என்ற கவலையும் அப்போதே தீர்ந்தது. சைக்கிள் பாதைகள் ஆங்காங்கே உண்டு. வெயில் படாமல் அவற்றின்மேல் கார்களை நிறுத்தி மக்களே பாதுகாக்கின்றனர்.

சியாட்டில் நகரப் பேருந்துகளின் முகப்பில் சைக்கிள் ஏற்ற இரும்புத் தாங்கி இருக்கிறது. பாவம், அங்கே கூட்டம் போதவில்லை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி-யில் காலை வேளையில் கூட்டமே தாங்கி.

மடக்கு சைக்கிள் பத்துப் பன்னிரண்டு கிலோதான். படிக்கட்டில் தலைக்குமேல் தூக்கிக் கொடுத்தால் போதும். கைமாறிக் கைமாறி உள்ளே போய்விடும். கீழே விழாது, விழுவதற்கு இடம் வேண்டுமே. ஹேண்டில்பார் முதுகில் குத்துவதால், நடத்துநர் எவ்வளவு கத்தியும் நகராதவர்கள்கூட உள்ளே நகர்கிறார்கள். மேல்கம்பி எட்டாதவர்களுக்குப் பெடல் நல்ல பிடிமானம். சக்கரக் கம்பிகளுக்கிடையே சில்லறையும் டிக்கெட்டும் தடையின்றிப் போய்வரும். இறங்க வேண்டியவர் மணியடிக்கலாம். வழி கிடைக்காது, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெரும்பாலும், சைக்கிள் ஏறியதும் விசில் கொடுத்துவிடுவார்கள். உரிமையாளர் நிறுத்தத்திலேயே நிற்பார். சைக்கிள் குறித்த நேரத்தில் அலுவலக நிறுத்தத்தைக் கடந்து பெசன்ட் நகர் சேரும். அவர் பின்னால் ஆட்டோவில் விரட்டுவார். லக்கேஜ் டிக்கெட் எடுக்காததற்கான அபராதம் அவரையே சேரும்.