சொல்லிப் பார்த்த காலம்

பொருளாதார வகுப்பில் ரிசர்வ் வங்கியின் கருவிகளை அடுக்கும்போது கடைசியாக வரும் பெயர் 'மாரல் சுவேஷன்'. வங்கி விகிதத்துக்கும் ரொக்க இருப்பு விகிதத்துக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு கொடுத்த எங்கள் பேராசிரியர், இதை ஒரே வரியில் முடித்தார்: ஆணை போடாமல், எடுத்துச் சொல்லி வழிக்குக் கொண்டுவருவது. அந்த வரியின் எடை எனக்குத் தெரிந்தது எழுபதுகளில், தஞ்சை மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளை ஈடு காட்டிக் கடன் கேட்டு மில்காரர்கள் வருவார்கள். வங்கிப் பணத்தில் நெல்லைப் பதுக்கி விலையேற்றக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கவலை. நெல், அரிசிக் கடன்களுக்கு 1956லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, எச்.வி.ஆர். அய்யங்கார் கவர்னராக இருந்தபோது, விளைபொருள் மீதான கடனைக் குறைக்கும்படி வங்கிகளுக்குக் கடிதமே போனது. அந்த வழக்கம் எங்கள் காலத்திலும் தொடர்ந்தது. எங்கள் மேலாளர் மில் முதலாளி ஒருவரிடம் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"மேலேர்ந்து கடிதாசி வந்திருக்கு முதலாளி. போன வருஷம் கொடுத்த அளவு இந்த சீசன்ல முடியாது."

"உத்தரவா சார், கடிதாசியா?"

"கடிதாசிதான். கேட்கலைன்னா உத்தரவா வரும்."

முதலாளி வாதாடவில்லை. 1949ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, யாருக்கு எதற்காகக் கடன் கொடுக்கலாம் என்று ஆணையிடும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்குத் தருகிறது. கடிதத்துக்குப் பின்னால் அது நின்றது. மேலாளரும் ஊரை அறிந்தவர். யார் வியாபாரத்துக்கு மூட்டை அடுக்குகிறார், யார் விலைக்காகக் காத்திருக்கிறார் என்று பார்த்துப் பேசினார். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது.

வட்டி விஷயத்தில் 1994 அக்டோபரில் நிலைமை மாறியது. இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களின் வட்டி விகிதத்தை வங்கிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்றானது. அதன்பின் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போவைக் குறைத்தால், கடன் வாங்கியவருக்கும் குறையுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏறும்போது உடனே ஏறிய வட்டி, இறங்கும்போது நகரவே இல்லை. நான் ஓய்வுபெறும் தறுவாயில், 2015இல், ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ரெப்போ 8 சதவீதத்திலிருந்து 7.5 ஆனது. வங்கிகள் அசையவில்லை. ஏப்ரல் 7ஆம் தேதி கவர்னர் ரகுராம் ராஜன் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். சில பெரிய வங்கிகள் அன்றே சற்றுக் குறைத்தன. நாடறியக் கவர்னர் கண்டித்துத்தான் அதுவும் நடந்தது. கவுன்ட்டருக்கு வந்து, "பேப்பர்ல குறைஞ்சுதுன்னு போட்டிருக்கே சார், என் இ.எம்.ஐ. ஏன் குறையலை?" என்று கேட்ட பள்ளி ஆசிரியருக்கு யார் பதில் சொல்வது?

2010இல் அடிப்படை வட்டி, 2016இல் எம்.சி.எல்.ஆர். என்று, வங்கிகள் தங்கள் நிதிச் செலவை வைத்து வட்டி கணக்கிடும் முறையை மாற்றிப் பார்த்தும் சிக்கல் தீரவில்லை. கடைசியில் 2019 அக்டோபர் 1 முதல், புதிய வீட்டுக்கடன், வாகனக்கடன் போன்ற தனிநபர் கடன்களிலும் சிறு தொழில் கடன்களிலும், மாறும் வட்டியில் தரப்படுபவற்றை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு வங்கிகள் இணைத்தே ஆகவேண்டும் என்று ஆணை வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். இதில் மேலாளர் யாரிடமும் பேச வேண்டியதில்லை, கணினியே மாற்றிவிடுகிறது. 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதமானபோது அதன் பலன் இப்படிப்பட்ட கடன் வாங்கியவர்களின் வீட்டுக்கே வந்தது. 2022இலிருந்து ஏறியபோது சுமையும் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே விதி. எங்கள் மேலாளரின் பேச்சை மதிப்பவன் நான். ஆனாலும் இந்த விஷயத்தில் ஆணைதான் சரி. குறைப்பதால் நஷ்டப்படுகிறவரிடமே குறைக்கும்படி வேண்டிக்கொண்டிருந்தால், ஆசிரியர் கவுன்ட்டரில் நின்றுகொண்டேதான் இருப்பார்.

2019க்கு முன் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் தங்கள் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் எம்.சி.எல்.ஆர். என்றோ அடிப்படை வட்டி என்றோ இருந்தால், வங்கி தானாக மாற்றித் தராது. நியாயமான நிர்வாகச் செலவை மட்டும் கட்டி ரெப்போவுக்கு மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.